கைமாறிய மரத்துண்டு

ஐன்ஸபீப், லெபனான்
7 நவம்பர் 1971

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் சித்தப்பா வீட்டாரும் சுகம். ஆலிவ் பறித்து முடிந்தது. வழக்கம்போல் பாதி மடத்துக்குப் போய்விட்டது.

நான் வேலை பார்க்கும் மடத்துப் பள்ளிக்கு ஐம்பது வயதாகிறது. அதன் வரலாற்றை எழுதித் தரும்படி தலைமைத் துறவி இஸ்திஃபான் என்னைக் கேட்டிருக்கிறார். மூத்த ஆசிரியர்கள் இருக்க, சம்பளப் போராட்டத்தில் கோஷம் போட்ட என்னை ஏன் பிடித்தார்? சந்தேகத்தோடுதான் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் காலத்து மாணவர்களிடம் அந்த மரத்துண்டைப் பற்றிக் கேட்டேன். பிரெஞ்சை விட்டு அரபி பேசியவன் கையில் அதைத் திணிப்பார்களாமே. அவன் இன்னொருவனைப் பிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குச் சாப்பாடு கிடையாது; மற்றவர்கள் தின்பதைப் பார்த்தபடி வாசலில் முட்டி போட வேண்டும். அதற்கு மேல் எல்லோரும் பேச மறுக்கிறார்கள். மளிகைக்கடை ஷுக்ரி, "போடா, உங்கப்பன்கிட்ட கேளு. அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

நான்கு வருஷம் அங்கே படித்தீர்கள். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எழுதுங்கள்.

உங்கள் மகன்,
இலியா

சிட்னி
2 டிசம்பர் 1971

மகன் இலியாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். இஸ்திஃபான் என்னோடு படித்தவன். எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. என்னைக் கேட்கச் சொன்னது ஷுக்ரியா, அவனா? உன் கடித உறையின் ஓரம் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. தபால் இன்னும் மடத்து வழியாகத்தான் வருகிறதா?

கட்டடத்தைப் பற்றி எழுது, மணியைப் பற்றி எழுது. மற்றதை விடு. சித்தப்பா உழுவது அவர்கள் நிலம் என்பதை மறந்துவிடாதே.

அம்மா உனக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறாள்.

அன்புடன்,
அப்பா

ஐன்ஸபீப்
16 ஜனவரி 1972

அப்பாவுக்கு,

இஸ்திஃபானிடமே கேட்டுவிட்டேன். காபி ஊற்றிக் கொடுத்துச் சிரித்தார். "உங்கப்பனா? நாலு வருஷத்துல ஒரு சாயங்காலம்கூட அவன் முட்டி போட்டதில்லடா தம்பி. அவ்வளவு கெட்டிக்காரன்! நீ தாராளமா எழுது. எல்லாரோட அப்பனும் அதுல வருவான், அவ்வளவுதான்" என்றார்.

பெய்ரூத் பணக்கார வீட்டுப் பையன்கள் தொட்டிலிலேயே பிரெஞ்சு பேசினார்கள். நம் வீட்டில் யாருக்கு அது தெரியும்? பிறகு எப்படித் தப்பினீர்கள்? நம்மைப் போன்ற குத்தகைக்காரன் பிள்ளைகள் எத்தனை பேரைக் காட்டிக் கொடுத்தீர்கள்? எழுதாதே என்று நீங்கள் சொன்னது யாருக்காக என்று இப்போது புரிகிறது.

சட்டை வந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

இலியா

சிட்னி
20 பிப்ரவரி 1972

இலியா,

இஸ்திஃபான் பொய் சொல்லவில்லை. நான் முட்டி போட்டதில்லை. யாரையும் பிடித்துக் கொடுத்ததுமில்லை. நான் பேசவே இல்லை.

முதல் நாள் வாசலில் ஒரு பையன் முட்டி போட்டு நிற்பதைப் பார்த்தேன். அன்றோடு வாயை மூடினேன். கேட்டதற்குப் பலகையில் எழுதிக் காட்டுவேன். ஊமை என்றார்கள். துண்டு தன் கைக்கு வரும்போதெல்லாம் இஸ்திஃபான் என் காலைப் பூட்ஸால் மிதிப்பான். "கத்துடா. அம்மான்னு ஒரு தரம் கத்து, போதும்" என்பான். அவன் சொன்னதும் அரபிதான். யாரிடம் போய்ச் சொல்வேன், எந்தப் பாஷையில் சொல்வேன்?

பூசையில், கோயில் மொழியான சுரியானிப் பாட்டுக்கு மட்டும் வாய் திறப்பேன். அது அரபி இல்லை, யாரும் பிடிக்க முடியாது. பருவத்தில் என் குரல் உடைந்தது எனக்கே அங்கேதான் தெரிந்தது.

பிடிபடாதவன் காட்டிக் கொடுக்கிறவனாகத்தான் இருப்பான் என்று ஷுக்ரி அன்றே நினைத்தான். அப்படி நினைக்கத்தான் அங்கே எங்களைப் பழக்கினார்கள். நீயும் அங்கேதான் படித்தாய்.

சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டு எழுது. என் பெயரும் இஸ்திஃபான் பெயரும் போட்டு எழுது. உன் வேலை போகும்.

அச்சானால் ஒரு பிரதி அனுப்பு. அதுவரை உன் கடிதங்களை அம்மா படிப்பாள். நான் படிப்பதாக இல்லை.

ஸர்க்கீஸ்