நான் பார்க்காத பதினோரு நாட்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பா இன்று காலை யாரையும் பிடிக்காமல் மாடிப்படி ஏறிப்போய்ப் பழைய செய்தித்தாள் கட்டை எடுத்து வந்தார், எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் திரை துவைத்த கதையைக் கால்மணி நேரம் சொன்னேனே, நான் சொல்ல வந்தது அது இல்லை. எழுத உட்கார்ந்தால் நடுவில் நழுவ முடியாது, அதனால் எழுதுகிறேன். மாதக் கடைசியில் நீ அனுப்பப்போகிற ஆராய்ச்சிக் கட்டுரையைப் பற்றித்தான். இதை முழுவதும் படித்து முடிக்கும்வரை அதை அனுப்பாதே.

முதலில் அப்பாவின் விஷயம், ஏனென்றால் அங்கேதான் ஆரம்பம். அறுவடை முடிந்த மாதம் அவரை இரண்டு நாள் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று உன்னிடம் சொன்னோம். இரண்டு நாள் இல்லை, பதினோரு நாள். பித்தப்பையில் கல், அறுவை செய்தார்கள், நான்காம் நாள் காய்ச்சல் வந்து இறங்க மாட்டேன் என்றது, ஒரு நாள் முழுக்க என்னையே யார் என்று கேட்டார். இப்போது சுகம், நிஜமாகவே சுகம், உப்பில்லாத சூப்பைக் கொடுத்த நர்ஸ் பெண்ணிடம் இதைக் குடிப்பதற்குக் காய்ச்சலே தேவலை என்று சொல்லும் அளவுக்கு அப்போதே தேறிவிட்டார். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய், சோதனை பாதியில் நிற்கும் என்று நினைத்தோம். தூரத்தில் இருக்கிறவளுக்குக் கெட்ட செய்தி போகக்கூடாது என்பது நம் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம், அதைக் கடைப்பிடித்தவள் நான் மட்டும் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உன் சோதனைக்காக சங்கத்து ஒயின் கூடத்தில் ஏழாம் எண் தொட்டியை வாங்கிக் கொடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். திராட்சை போடுகிற நாற்பது குடும்பங்களும் உட்கார்ந்திருந்தன, வெள்ளை ஒயினைப் பனிக்கட்டி அளவுக்குக் குளிர வைக்காமல் எப்படித் தெளிவாக விற்பது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், நான்தான் எழுந்து விளக்கினேன். தேன் பாட்டில் குளிர் நாளில் அடியில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோலத் திராட்சையில் உள்ள புளிப்பு உப்பும் குளிர்ந்தால் கல்லாக விழும், அது வாங்கியவர் வீட்டுப் பாட்டிலில் விழுந்தால் கண்ணாடித் தூள் என்று பயந்து திருப்பி அனுப்புவார், அதனால்தான் நாமே முன்கூட்டி மூன்று வாரம் மின்சாரத்தைக் கொட்டிக் குளிர வைத்து அந்தக் கல்லை இங்கேயே விழவைக்கிறோம், என் மகள் சொல்வது என்னவென்றால் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கலந்தால் அந்த உப்பு ஒன்றோடொன்று சேரவே சேராது, வகுப்பில் இரண்டு சேட்டைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு சாதுவை உட்கார வைப்பது மாதிரி என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஆறு வாரம் குளிர் இயந்திரம் போடாமல் தொட்டி பன்னிரண்டு டிகிரியிலேயே இருக்க வேண்டும், காலையும் மாலையும் அளவு பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அதற்கு என்னைவிட யார் என்று நீயே சொன்னாய். கரும்பு தின்னக் கூலியா என்று நானும் குதித்துக்கொண்டு வந்தேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை. உனக்கு வாராவாரம் நோட்டைப் படம் எடுத்து அனுப்புவேன் அல்லவா, இரண்டு வாரம் அனுப்பாததற்குக் காமிரா சரியில்லை என்று சாக்குச் சொன்னேன், வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்தால் இருபத்திரண்டு கட்டங்கள் காலி. இயந்திரம் ஓடவில்லை, கதவு மூடிய அறை, அளவு எங்கே மாறிவிடப்போகிறது என்று நினைத்து நானே எழுதினேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று, பதினொன்று புள்ளி ஒன்பது, பன்னிரண்டு புள்ளி இரண்டு. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போட்டேன். ஒரே மூச்சில் எழுதியது தெரியக்கூடாது என்று நடுவில் பேனாவை மாற்றினேன். ஒரு கட்டத்தில் வேண்டுமென்றே அடித்துத் திருத்தினேன். முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளின் சோதனை நோட்டுகளில் பொய் அளவுகளை எதையெல்லாம் வைத்துக் கண்டுபிடித்தேனோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தவிர்த்து எழுதினேன், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஒன்பது புள்ளி நான்கு காட்டியது, அதை உள்ளபடி எழுதினேன், ஏன் திடீரென்று இறங்கியது என்று நீ கேட்டாய், வெளியே குளிர்காற்று என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன், நம்புவது சௌகரியமாக இருந்தது.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பாட்டிலைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள், ஒரு கல் விழவில்லை. ருசி பார்க்கிறவர் மற்றத் தொட்டிகளைவிட இதில் பழ வாசனை கெடாமல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நீ போனில் அழுதாய், நானும் அழுதேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏழாம் தொட்டியைக் காலிசெய்து கழுவினார்கள், நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கழுவ உள்ளே இறங்கிய வேலைக்காரப் பெண் தகரச் சட்டியால் சுரண்டிச் சுரண்டி வெளியே கொட்டுகிறாள், டீச்சரம்மா இந்தத் தொட்டியில் கல்லே விழாதுன்னு சொன்னாங்களே, எனக்கு முதுகு போகுது என்று சிரிக்கிறாள். அடியிலும் பக்கத்திலும் விரல் கனத்துக்கு உப்பு. குளிரே படாத தொட்டியில் அவ்வளவு விழ வழியே இல்லை. அங்கேயே கவிழ்த்து வைத்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

உன் தொட்டி மாமாவை, கூடத்துத் தொட்டிகளையே கட்டிக்கொண்டு கிடக்கிற என் தம்பியைத்தான், போய்க் கேட்டேன். கூடத்தில் அவனுக்குத் தெரியாமல் ஒரு குழாய் திறக்காது என்பது ஊருக்கே தெரியும். முதலில் எனக்கென்ன தெரியும் அக்கா, நீதானே அளவு எழுதினே என்று என்னையே திருப்பி மடக்கினான். பார்க்காமலே எழுதினேன் என்று நான் சொன்ன பிறகுதான் அவனும் உடைந்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே அவன் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்திருக்கிறான், மறுநாள் அடியில் கல். நாற்பது வீட்டுத் திராட்சை அக்கா, அதைவிட நம்ம குட்டி பேரு, மாமன் காவல் இருந்த தொட்டியில கெட்டுச்சுன்னு ஆகலாமா, அத்தானுக்கு அப்படி இருக்கிறப்போ உன்கிட்டே இதையும் கொண்டுவந்து கொட்டணுமா என்றான். எட்டு நாள் குளிர் இயந்திரத்தைப் போட்டிருக்கிறான், பழைய தொட்டியில் சுரண்டிய உப்பை இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறான், அது உள்ளே போனால் கரைந்திருக்கிற மற்ற உப்பையும் கூட்டிக்கொண்டு விழும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். நான் வரும் முன் தடயம் தெரியக்கூடாது என்று தொட்டியைச் சுற்றிய குழாயில் வெந்நீர் ஓட்டிச் சூட்டை ஏற்றப் பார்த்திருக்கிறான், ஒன்பதுக்குத்தான் ஏறியது. பாட்டிலில் கல் விழாதது உன் பொருளால் இல்லை, விழ வேண்டியதெல்லாம் தொட்டியிலேயே விழுந்துவிட்டதால். அவன் தொழில் தெரிந்த பொய் சொன்னான், நான் என் தொழில் தெரிந்த பொய் எழுதினேன், இரண்டும் சேர்ந்து உன் கட்டுரையில் வெற்றி என்று உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு ஒன்பது நாள் சும்மா இருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, விடு அக்கா, அடுத்த வருஷம் குட்டி மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் தானே சரியாகும் என்று உன் மாமா சொன்னான், அது எனக்கும் இனித்தது. ஆனால் அடுத்த அறுவடைக்குப் பதினான்கு தொட்டியிலும் குளிர் இயந்திரம் வேண்டாம் என்று முடிவு செய்யச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நம் நோட்டை நம்பிப் பதினான்கு தொட்டி. அப்பாவிடம் அன்றுதான் சொன்னேன். அவர், என்னைச் சாக்காக வைத்து எழுதின பொய்யை என் காலிலேயே நான் நடந்து வந்து அழிக்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். என்னிடம் படித்தவன் ஒருவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது, டீச்சர், அளவு பார்க்காம எழுதினதுக்கு என்னை வெயில்ல முட்டி போட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா என்றான். இருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் இருந்த உன் மாமா எழுந்து, அவங்க எழுதினது பொய்தான், ஆனா தொட்டியைக் குளிர வெச்சது நான், திட்டறதை ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க என்றான். சங்கத் தலைவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடிவைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த அறுவடைக்கு உனக்குத் தொட்டி உண்டா என்று கேட்டேன், பார்க்கலாம் டீச்சர் என்றார், அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் உண்மையாகக் கையில் இருக்கிறது. உன் பொருளைக் கலந்த அன்று ஏழாம் தொட்டியிலிருந்து ஆறு சின்ன ஜாடி பிடித்து வைக்கச் சொன்னாய், அதைச் சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் வைத்திருந்தேன், அதை யாரும் தொடவில்லை. உப்பைப் பார்த்த மறுநாள் ஆறையும் ஃபிரிட்ஜில் கடைசித் தட்டில் வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது நான்கு தெளிவாக இருந்தன, இரண்டில் கல் விழுந்திருந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் உன் சோதனைக்கூடம் ஆகாது, ஆனாலும் நானும் மாமாவும் கை வைக்காத விடை அது ஒன்றுதான். ஆறில் நான்கு. நீ நினைத்த அளவுக்கு இல்லை, ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. அதை என்ன செய்வது என்று உனக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்லத் தகுதி இல்லை.

கட்டுரையின் கடைசியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் அறிவியல் கற்பித்த என் தாயார் ஒருநாள் விடாமல் எடுத்த அளவுகள் என்று நன்றி எழுதியிருந்தாய், அதை அச்செடுத்து அப்பா எல்லோருக்கும் காட்டினார். அந்த வரியை எடுத்துவிடு. உன் மேலதிகாரி கேட்டால் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே, குடும்பத்தில் குழப்பம், கருவி பழுது என்றெல்லாம் பூசி மெழுகாதே, அளவு எடுத்தவர் எடுக்காமல் எழுதினார் என்று சொல். உன் திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுப்பார்களா என்பது இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இதை எழுதுகிற கையை உனக்குப் பிடிக்காமல் போனாலும் போகட்டும். கோபம் வந்தால் பத்து நாள் பேசாமல் இரு, அது உன் சின்ன வயசுக் கணக்கு, நான் காத்திருப்பேன். ஆனால் சாப்பிடாமல் இருக்காதே, கோபத்தில் உனக்கு முதலில் வயிறுதான் கெடும். மாமாவோடு மட்டும் உடனே பேசு, அவன் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான், நேற்று வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு காலண்டர் தாளை என் கையில் திணித்துவிட்டுப் போனான், பின்பக்கத்தில் எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இயந்திரத்தைப் போட்டான், எப்போது நிறுத்தினான், உப்பு போட்டது எந்த நாள் என்று எல்லாம் எழுதியிருக்கிறான். தப்பில்லாமல் எழுதியிருக்கிறான்.

அந்தத் தாளையும் நோட்டையும் இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், படம் இல்லை, நோட்டே வருகிறது. நான் இட்டுக்கட்டிய எண்களை அழிக்கவில்லை, அவை அப்படியே இருக்கின்றன, நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் பார்க்க வேண்டும். மேலே சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, இருபத்திரண்டு கட்டத்துக்கு எதிரிலும் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று எழுதி ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. பொய்யாக எழுதியபோது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கண்ணும் கையும் உனக்குத் துணையாக இருக்கட்டும், உனக்குக் கிடைப்பது தோல்வியாக இருந்தாலும் அது உன்னுடையதாகவே இருக்கட்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தைத் தனியாகச் சொல்லச் சொன்னார். மறக்காதே, நோட்டு வந்து சேர்ந்ததும் சேர்ந்தது என்று ஒரு வரி போடு, வேறு எதுவும் எழுத மனமில்லாவிட்டாலும் அந்த ஒரு வரி.

உன்னை எந்நேரமும் நினைத்திருக்கும்,
அம்மா