தும்பை மஞ்சளான வருஷம்

நவம்பர் 6
மழை விட்டுவிட்டது. ஆறு இறங்கி, கரையில் சேறு காய்கிறது. இந்நேரம் கரை முழுக்கக் கானாவாழை நீலமாக விரிந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. தும்பை பூத்திருக்கிறது, ஆனால் பழந்துணி மாதிரி மஞ்சளாக. தும்பை எங்கேயாவது மஞ்சளாகுமா? கரையில் புல் வெட்டும் மெஷின்காரன் ஏதோ மருந்து அடித்திருக்கிறான்.

வீட்டிலும் இதே கதை. மருமகள் துவைத்த தலையணை உறை மஞ்சள். கேட்டால், "நல்லாத்தானே அத்தை இருக்கு" என்கிறாள். தையலை விட்டு எழுந்தால்தானே துணி வெளுக்கும்.

நவம்பர் 9
கேட்டே விட்டேன். "நீலப் பூவையெல்லாம் எங்கேப்பா தொலைச்சே?"

மெஷினை நிறுத்திவிட்டு முழித்தான். "அதான் இருக்கே பாட்டிம்மா" என்று கையை வீசிக் காட்டினான். கையை வீசினால் பூ வந்துவிடுமா? என்னிடமே கண்கட்டு வித்தை.

"மருந்துதானே அடிச்சே?"

"மருந்து வாங்க எனக்கு யாரு காசு குடுக்குறா?" என்று சிரித்தான். நடக்க வந்தவர்களும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து.

நவம்பர் 10
நகராட்சி ஆபீசில் புகார் கொடுத்தேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே எழுதினேன். ஆபீசர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்." என் வார்த்தைக்கு அந்த மரியாதை இருக்கிறது.

நவம்பர் 13
மெஷின்காரன் வாசலுக்கே வந்துவிட்டான். "நான் மருந்தே அடிக்கலைம்மா. கான்ட்ராக்ட் வேலை, சீட்டைக் கிழிச்சிடுவாங்க. ஒரு தடவை என்கூட வந்து பாருங்க."

பார்த்தாகிவிட்டது என்று கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகும் வெகுநேரம் அவன் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அங்கேயே நின்றிருக்கிறான்.

நவம்பர் 14
கரையில் மெஷின் சத்தம் இல்லை.

நவம்பர் 16
மருமகள் தைத்துக்கொண்டே, "அத்தை, அந்த நீல நூல்கண்டை எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன், அதுக்கென்ன?"

"இது சாம்பல் கலர், அத்தை."

"பெட்டியில நீலமே இல்லையே!"

அவள் கால் தையல் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. "வாங்க, கரைக்குப் போய்ட்டு வருவோம்."

கரையில் என் கையைப் பிடித்து மண்ணில் வைத்தாள். ஈரம். மெல்லிசான இதழ் — கானாவாழை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. "எல்லாம் நீலம், அத்தை. உங்க செருப்புக்கடியிலகூட."

எனக்குச் சாம்பலாகத்தான் தெரிந்தது, இலையோடு இலையாக.

"தும்பை?"

"வெள்ளைதான். தும்பை வேற எப்படி இருக்கும்?"

தலையணை உறையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 17
புரை முற்றிவிட்டது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் கண் டாக்டர். அது கிடக்கட்டும். அந்த மனுஷனின் பிழைப்பு? நான் சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மருமகள் வாயைத் திறக்க மாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்தவ, ஊரு முன்னால போய் எனக்குக் கண்ணு தெரியலைன்னு எப்படிச் சொல்லுவேன்? வந்து பாருங்கன்னு கெஞ்சினானே. ஏன் போகலை நீ? ஏன்?

நவம்பர் 18
சொன்னேன்.

"விடுங்கம்மா, திங்கட்கிழமை வேற ஆள் வர்றான்" என்றார் ஆபீசர்.

"பூ இருக்கு. எனக்குத்தான் கண்ணு இல்லை" என்றேன், உரக்க. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சிரித்தார்களா என்று தெரியாது. முகம் தெரிந்தால்தானே. "அவரைத் திரும்பக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

மத்தியானம் ஆபீசர் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் யாரும் எடுக்கவில்லை. "மறுபடி பேசிப் பார்க்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். வந்துவிட்டேன். வராமல் என்ன செய்ய?

நவம்பர் 21
திங்கட்கிழமை. கரையில் மெஷின் ஓடுகிறது. ஓட்டுவது யார்? ஜன்னலிலிருந்து வெறும் நிழல்தான். போய்ப் பார்க்கத் துணிச்சல் இல்லை. மருமகளைக் கேட்கவும் வாய் வரவில்லை.

டிசம்பர் 19
அறுவை முடிந்து கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் தலையணை உறை பளீரென்று அடிக்கிறது.

"நல்லாத்தான் வெளுத்திருக்கே" என்றேன்.

"எப்பவும் அப்படித்தான், அத்தை" என்றாள். குரலில் குத்தல் இருந்தது. இருக்கட்டும்.

ஜனவரி 8
இன்றுதான் கரைக்குப் போனேன். ஆறு ஒடுங்கிவிட்டது. கானாவாழை முடிந்து, தண்டெல்லாம் பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது. இந்த வருஷத்து நீலத்தை நான் பார்க்கவே இல்லை. தும்பை மட்டும் அங்கங்கே, கண் கூசுகிற வெள்ளையில்.

மெஷின் சத்தம் கிட்டே வந்து நின்றது. அவர்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை எடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"இன்னைக்கு நான் என்ன கலர், பாட்டிம்மா?"

"பச்சைச் சட்டை. காலர்ல ஒரே அழுக்கு."

அவர் சிரிக்கவில்லை. காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தூசி என் பக்கம் பறக்காதபடி மெஷினை ஆற்றுப் பக்கமாகத் திருப்பி, ஓட்டத் தொடங்கினார்.