எண்ணெய் மினுங்காத மேனி

என் பிசிலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே தீவில் எல்லோரும் சுகம், சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே சுகம். சிட்னிக் குளிரை நீயும் உன் தம்பி செமிசியும் எப்படித்தான் தாங்குகிறீர்களோ. இதைத் தனியாக உட்கார்ந்து படி, தம்பி காதில் விழும்படி வாசித்துவிடாதே, பொம்பளைப் பிள்ளைகளின் உடம்பு சமாசாரம் கூடப்பிறந்தவன் காதுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும். உன் தங்கையைப் பற்றி நீ கேட்டபோது போனில் நான் மழுப்பியதும் அதனால்தான், அவன் உன் பக்கத்திலேயே நின்றான்.

உன் தங்கை லூப்பேவுக்கு மாதக்கணக்கில் விலக்கு வரவில்லை, அவளும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. உடம்பு ஊதிக்கொண்டே போனது, எந்நேரமும் தூக்கம், நல்ல வெயிலில் போர்வை கேட்பாள். கிழங்கைக் கண்டபடி தின்றால் இப்படித்தான் என்று திட்டினேன். சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்ட விழாவில் தனியாக ஆட அவளைத்தான் உன் வீக்கா அத்தை தேர்ந்தெடுத்திருந்தாள். ஆடுகிற பெண்ணுக்குப் பூசும் தேங்காயெண்ணெயை ஒத்திகையன்று அத்தையே தேய்த்தாள். தோள், கை, கழுத்து, எங்கே தேய்த்தாலும் எண்ணெய் உள்ளே போய்விட்டது, தோல் சாம்பல் பூசினாற்போல வறண்டே கிடந்தது. கன்னிப்பெண் மேனியில்தான் எண்ணெய் மினுங்கும் என்பது நம் பெண்கள் காலங்காலமாகச் சொல்வதுதானே. அத்தை அவள் வயிற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், கடைசியாக எப்போது விலக்கானாய் என்று கேட்டாள். இவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள், அவ்வளவுதான். ஆட்டம் வேறு பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அப்பாவின் அக்கா வார்த்தைக்கு இந்த வீட்டில் மறுவார்த்தை ஏது.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் இவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்து, "அம்மா, நான் ஒரு தப்பும் பண்ணல, நீயாவது நம்பும்மா" என்றாள். நம்புகிறேன் என்றுதான் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் முழுசாக நம்பவில்லை பிசிலா, உன்னிடம் மறைப்பானேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கர்ப்பம் இல்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் என் கால் தரையில் பாவியது. டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்துத் தலைநகருக்கு அனுப்பினாள். தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டதாம், விலக்கு நின்றது, உடம்பு ஊதியது, குளிர், வறட்டுத் தோல், எல்லாம் அதன் வேலையாம். கவலை, பட்டினி, சினைப்பைக் கோளாறு என்று வயசுப் பெண்களுக்கு விலக்கு தள்ளிப்போக எத்தனையோ காரணம் இருக்க, நீங்கள் எல்லாரும் ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்களே என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அப்படி ஒரு திட்டை நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, எல்லாம் பழையபடி ஆகச் சில மாதம் பிடிக்குமாம், பிடிக்கட்டும்.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். பாய் முடைந்துகொண்டிருந்தவள் அடுத்த ஓலையை எடுத்து முடைய ஆரம்பித்தாள், நான் எரிச்சலோடு திரும்பி வந்தேன். விழாவன்று காலையில் பார்த்தால் எண்ணெய்ப் புட்டியோடு அவளே வாசலில் நிற்கிறாள், "கெளம்புடி, நீதான் ஆடற" என்று. தோல் இன்னும் சரியாகவில்லை, ஊற்றிய எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டது. கூடம் நிறையச் சனம், இவள் ஆட ஆரம்பித்ததுமே கிசுகிசுப்பு. ஆடுகிறவளின் எண்ணெய் மேனியில் காணிக்கை ரூபாய் நோட்டை ஒட்டுவது நம் வழக்கமாயிற்றே, ஒட்ட முதலில் எழுந்தது வீக்கா அத்தைதான். தோளில் ஒட்டினாள், நழுவி விழுந்தது. எடுத்து மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தது. அத்தை குனிந்து எடுத்து, அவள் தோளில் வைத்து, தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே ஆட ஆரம்பித்தாள், கண்ணை உருட்டி, இடுப்பைக் கோணி, சுத்தக் கோமாளியாக. மற்ற வீட்டு அத்தைமார் ஆடுகிற பெண்ணைச் சிறப்பிக்க இப்படிக் கூடவே கோமாளியாக ஆடுவார்கள், வீக்கா ஆடி யார் கண்டது. கூடமே சிரித்து உருண்டது, லூப்பேவும் சிரித்துவிட்டாள். ஆட்டம் முடியும்வரை அத்தை கையை எடுக்கவே இல்லை, நான் அழுதுவிட்டேன்.

உனக்கும் விலக்கு தள்ளித் தள்ளித்தான் போகிறது என்றாயே, ராத்திரி வேலை என்று சாக்கு சொல்லாமல் இந்த வாரமே ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார். வெட்கப்படாதே. நான் சொன்னால் கேட்கமாட்டாய், இது அத்தையின் உத்தரவு, அவளே எழுதச் சொன்னாள். அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் செமிசியையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா கலோலைன்