ரே விழுந்த இடம்

26 ஜூலை 2004, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டதால் மழை பெய்தாலும் சனம் குறையவில்லை. எசன் நகரத்திலிருந்து ரயில், பிறகு பஸ், பிறகு சேற்றில் நடை. பூங்கா அடுப்படியில் உருளைக்கிழங்கு மூட்டை மூட்டையாக. எண்ணெயை மாற்றச் சொல்லி எத்தனை நாள்! வீட்டுக்கு வந்தால் மனுசி வசந்தி மூக்கைப் பொத்துகிறாள்.

பூங்கா என்று பெயர். மரத்தால் செய்த அமெரிக்கக் கிராமம். சாராயக்கடை, சிறைச்சாலை, தேவாலயம், எல்லாம் முன்பக்கம் மட்டும். பின்பக்கம் எங்கள் குப்பைத்தொட்டிகள்.

இன்று ரேயோடு கொஞ்சம் கதைத்தேன். காட்சிக்காக நாளுக்கு நாலு தரம் ஒரு பொய்ப்பாறையில் ஏறி நிற்பார். நாலு தரமும் வெள்ளைக்காரன் சுடுவான், இவர் வைக்கோலில் விழுவார். பிறகு பின்கதவடியில் என்னோடு கோப்பி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் ரே அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன், பெயரே அதுதான் என்று நினைத்துப் பூங்காவில் மற்றவர்களும் "ரேயண்ணை" என்கிறார்கள். அவர் உண்மையான செயென், அமெரிக்கப் பூர்வகுடி இனம். மொன்டானாக்காரர். அமெரிக்க இராணுவத்தோடு ஜெர்மனிக்கு வந்து, பிர்கிட்டைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டார். எங்கள் இருவருக்கும் உடைந்த ஜெர்மன்தான், ஆனால் உடைந்த இடங்கள் ஒன்றாக இருப்பதால் விளங்குகிறது.

முதலாளி ஒரு முறை தலை நிறைய இறகு வைத்த தொப்பி வாங்கி வந்தான். ரே தொடவில்லை. "அதை மற்றவை எனக்குத் தரவேணும். நானா எடுத்துப் போடேலாது" என்றார். முதலாளி விட்டுவிட்டான், ஏனென்றால் இடுப்புவரை தொங்கும் அந்த இரண்டு பின்னல் போதும். சுவரொட்டியிலேயே அதுதான் இருக்கிறது.

மாதத்தில் ஒரு சனி ரே வீட்டில் கூட்டம். அவரைப் போல இராணுவத்தோடு வந்து தங்கிவிட்ட அமெரிக்கப் பூர்வகுடி ஆட்கள் ஐந்தாறு பேர். மேளம், பாட்டு, பொரித்த ரொட்டி. எவனுக்காவது சுகமில்லையென்றால் ரே காரை எடுத்துக்கொண்டு ஓடுவார். மகள் நோராவுக்கு ஒன்பது வயது, தாத்தா மொழியில் நன்றி சொல்லாமல் கரண்டியில் கை வைக்கக்கூடாது. எங்கள் தமிழ் மன்றத்தில் பொங்கலுக்கு முதலில் யார் விளக்கேற்றுவது என்று மூக்குடைபட்டவர்கள் இருக்கிறார்கள்.

நாளை: சவர்க்காரம், பஸ் அட்டை, வசந்தியின் பல்லுக்கு டொக்டரிடம் தெர்மின், நேரம் எடுக்க.

27 ஜூலை, செவ்வாய்

மழை விட்டது. வெயில் வந்து சேறு நாறுகிறது.

மொன்டானாவில் ரேயின் தாய் இறந்துவிட்டா.

பின்கதவடியில் நின்றார். கோப்பியைக் கையில் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அம்மா போயிட்டா. சனிக்கிழமை அடக்கம்" என்றார்.  தோளைப் பிடித்தேன்.

முதலாளியிடம் போனார். தட்டுகள் எடுக்கிற சாட்டில் நானும் பின்னால் போனேன். ஒளித்துக் கேட்டது என்றே எழுதலாம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

முதலாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "விடுமுறைக் காலத்தில லீவு இல்லை. ஒக்டோபரில பூட்டின பிறகு போ. உன்ர அம்மா அப்பவும் செத்துத்தான் இருப்பா."

 முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு, "போனா திரும்பி வராதை" என்றான்.

பிர்கிட்டுக்கு முதுகு வருத்தம், வேலை இல்லை. வீடு முழுக்க ரேயின் தலையில். நாலு காட்சியும் செய்தார். மூன்றாவதில் விழுந்தவர் எழும்பப் பிந்தியது. சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. நாசமாய்ப் போக.

28 ஜூலை, புதன்

ரே முடியை வெட்டிவிட்டார்.

இரண்டு பின்னலும் இல்லை. காதுக்குமேல் ஒரு பக்கம் கட்டை, மற்றப் பக்கம் கொஞ்சம் நீளம், கத்தியால் அறுத்த மாதிரி. உடுப்பு மாற்றும் அறைக்குள் வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் பேன் தொல்லையா என்று கேட்டான்.

எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பா செத்த செய்தி என்னைத் தேடி அகதி முகாமுக்கு வந்தபோது அடக்கம் முடிந்து கன நாள். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நானே மொட்டை அடித்தேன். பக்கத்து அறைக்காரன் பொலிசைக் கூப்பிடப் பார்த்தான். இப்போது எங்கள் ஆட்கள் மொட்டைக்குப் பதிலாக மெஷினில் மூன்றாம் நம்பர் போட்டுவிட்டு, "வேலை செய்யிற கந்தோரில ஒரு மாதிரிப் பாப்பினம், அதுதான்" என்கிறார்கள்.

பின்கதவடியில் கேட்டேன். "அங்க போக ஏலாது" என்றார் ரே. "வெட்டவாவது ஏலும்." பிர்கிட் பிடித்துக்கொள்ள அவரே வெட்டினாராம். நோராவும் தன் பின்னலை நீட்டிக்கொண்டு வந்து நின்றாளாம், பாட்டிக்கு என்று. அவளுடையதையும் வெட்டினாராம். இதைச் சொல்லும்போது மட்டும் கண்ணைத் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது, வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

முதலாளி கண்டதும் முகம் சிவந்துவிட்டது. "ஆரைக் கேட்டு வெட்டினாய்? அது பூங்காவின்ர முடி!" இப்படியே சொன்னான். பூங்காவின் முடி.

29 ஜூலை, வியாழன்

வெக்கை. எண்ணெய் மாற்றினார்கள்!

முதலாளி திருவிழாச் சாமான் விற்கும் கடையில் பொய்முடி வாங்கிவந்தான். கறுப்பு நைலோன், இரண்டு பின்னல், சிவப்பு நாடா. ரே போடமாட்டேன் என்றார். கத்தவில்லை. "நான் விழுறன். எத்தினை தரம் வேணுமெண்டாலும் விழுறன். இதைப் போட்டா அம்மாவுக்கு நான் துக்கம் காக்கேல்லை எண்டு அர்த்தம்."

முதலாளி: "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யோசி. முடி இல்லாத செவ்விந்தியனைப் பார்க்க ஒருத்தனும் டிக்கெட் வாங்கமாட்டான்."

இன்று தலையில் துணி கட்டி நடித்தார். ஒரு தகப்பன் மகனிடம், "இது அசல் இல்லை, துருக்கிக்காரன்" என்று விளக்கம் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் சொன்னேன். அவள் உடனே பருப்பை ஊறப்போட்டாள். "செத்தவீடு. ஆரும் சமைச்சுக் குடுக்க இருக்கினமோ தெரியாது" என்றாள். இந்த விஷயத்தில் வ. தங்கம். மற்ற விஷயங்களில் பிறகு எழுதுகிறேன்.

31 ஜூலை, சனி

இன்று அங்கே அடக்கம். மாலை ரே வீட்டுக்குப் போனோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய், மச்சம் மாமிசம் இல்லை. கூட்டத்து ஆட்கள் முழுப்பேரும் வந்திருந்தார்கள். சாப்பாடு மலையாய்க் குவிந்திருந்தது, எங்கள் சட்டிக்கு இடமே இல்லை. ரே முதலில் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துத் தாய்க்காக வெளியே கொண்டுபோனார். எங்கள் கத்தரிக்காயும் அதில் போனது. வ. என் விலாவில் இடித்தாள். "எங்கட படையல் மாதிரியெல்லே!"

பிறகுதான் சங்கடம். சாப்பாடு முடிய ரே எழும்பித் தாயைப் பற்றிக் கதைத்தார். பிறகு அறை நடுவில் வீட்டுச் சாமானெல்லாம் கொண்டுவந்து வைத்தார். போர்வைகள், வானொலி, தன் நல்ல சப்பாத்து, மணி கோத்த பட்டி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். இறந்தவர் பெயரில் கொடுத்துத்தான் முடிக்கவேணுமாம். என்னைக் கூப்பிட்டார். நீலமும் சிவப்புமாக ஒரு கம்பளிப் போர்வை, அதைத் தோளில் போட்டுவிட்டார். தாய் அனுப்பியதாம். கையைக் குலுக்கினார்.

வ.வின் முகம் செத்துப்போனது. செத்தவீட்டில் இருந்து ஒரு சாமானும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, போயிட்டு வாறம் என்றும் சொல்லக்கூடாது. அது அவளுடைய சட்டம் மட்டும் இல்லை, நானும் அதில் வளர்ந்தவன்தான். படியடியில் நின்று அவள், "இதோட பஸ்ஸில ஏறினா நான் நடந்து போறன்" என்றாள். எங்கள் மகன் பரீட்சை எழுதுகிற வருடம், அவளுக்கு அந்தப் பயம்.

போர்வையை மடித்து அவர்கள் வீட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியில் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் வந்துவிட்டோம். எங்கள் முறைப்படி அது மரியாதைதான்.

1 ஓகஸ்ட், ஞாயிறு

ரே என்னோடு கோபம்.

பின்கதவடியில் கோப்பி கொடுத்தேன். வாங்கினார், வைத்தார். "என்ர அம்மாவின்ர பேரில தந்தது. சொல்லாமலும் போயிட்டீர்" என்றார். நான் விளக்கப் பார்த்தேன். செத்தவீடு, எடுக்கக்கூடாது, சொல்லக்கூடாது. என் ஜெர்மனில் அது "உன் வீடு அசுத்தம்" என்பதுபோல வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"ஓம்" என்று மட்டும் சொன்னார், எங்கள் "ஓம்". நான்தான் பழக்கியது. எழும்பிப் போனார்.

மத்தியானம் முதலாளி பொய்முடியைக் கொண்டுவந்து நீட்டினான். ரே மாட்டேன் என்று தலையாட்டினார். அவ்வளவுதான். அடுத்த காட்சிக்கு முன்னால் அலுமாரித் திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருட வேலை.

எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் என்று தெரியாது. ஒரு போர்வைக்காக மூஞ்சியைத் திருப்புகிறவர் எனக்கு என்ன சொந்தமா!

2 ஓகஸ்ட், திங்கள்

முதலாளி அடுப்படிக்குள் வந்தான். வருகிற வழக்கமில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. என் வழுக்கையில் பார்வை நின்றது. "நல்லம், பொய்முடி வடிவாய்ப் பொருந்தும்" என்றான்.

பொய்முடி. ரேயின் இடத்தில் பாறையில் ஏறு, சுட்டதும் விழு, முடிந்தால் ஒரு சத்தம் போடு. வருடம் முழுக்க வேலை, ஒப்பந்தம் எழுத்தில்.

என் விசா வேலையோடு கட்டியது. பூங்கா பூட்டியதும் ஒவ்வொரு மாரிக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குந்தியிருந்து, அங்கிருக்கும் பெண் அதிகாரியின் முகத்தைப் பார்த்து, மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம். மகன் கேட்கிறான், அப்பா நாங்கள் இங்கே இருக்கப்போகிறோமா இல்லையா என்று.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

வ. கேட்டுவிட்டு, "உங்களுக்கு வெக்கமில்லையே? அந்த மனுசன்ர வீட்டில சாப்பிட்டனாங்கள்" என்றாள். சட்டி கழுவினாள். வெகுநேரம் ஒரே சட்டி. பிறகு திரும்பாமல், "எழுத்தில தருவினமாமோ?" என்றாள்.

5 ஓகஸ்ட், வியாழன்

கையெழுத்துப் போட்டேன். முதல் நாள்.

முழங்கை உரசல். வைக்கோலுக்குள் யாரோ எறிந்த போத்தல் மூடி. முகத்துக்கு மண்ணிறம் பூச வந்த பெண் என்னைப் பார்த்து, தேவையில்லை என்று டப்பாவை மூடினாள். நைலோன் கழுத்தில் கடிக்கிறது. சுட்டான், விழுந்தேன். கைதட்டல் அதே அளவு. ரே விழுந்தாலும் நான் விழுந்தாலும் இவர்களுக்கு ஒன்றுதான்.

காட்சி முடியப் படம் எடுக்கும் இடத்தில் நிற்கவேணும். முதலாளியின் கட்டளை: "எந்த இனம் எண்டு கேட்டா செயென் எண்டு சொல்லு. பலகையில எழுதியிருக்கு, மாத்தேலாது." ஒரு கிழவி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, இந்த முறை அசல் ஆளைப் பிடித்திருக்கிறார்கள் என்றாள்.

வீட்டில் மகன் சிரித்தான்.  எண்ணெய் மணம் இல்லை என்று மட்டும் வ. சொன்னாள்.

8 ஓகஸ்ட், ஞாயிறு

நல்ல வெயில். சனம் நிரம்பி வழிந்தது. இரண்டாவது காட்சியில் பாறையில் ஏறியதும் கண்டேன். முன்வரிசைக் கயிற்றடியில் ரே, பக்கத்தில் நோரா. கணக்கு முடித்த கடிதம் வாங்க வந்தாராம், பிறகு தெரிந்தது. சுட்டான். எனக்கு விழ மறந்துவிட்டது. அவன் இன்னொரு தரம் சுட்டான், சனம் சிரித்தது, விழுந்தேன். வைக்கோலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, போய்விடுங்கோ அண்ணை, போய்விடுங்கோ என்று கிடந்தேன்.

போகவில்லை. படம் எடுக்கும் வரிசையில் வந்து நின்றார்கள், மற்ற ஆட்களைப் போல, முறைக்கு. முதலாளி பக்கத்திலேயே கைகட்டி நின்றான். ரேயைக் கண்டும் காணாதவன்போல.

முறை வந்தது. நோரா என் முன்னால் வந்து நின்றாள். மயிர் கழுத்துக்கு மேலே கட்டையாக, ஒரு பக்கம் ஏற்றம். ரே பின்னால், அவள் தோளில் கை. என்னை நேராகப் பார்த்தார். கோபமென்றால் தாங்கியிருப்பேன்.

"நீங்கள் எந்த இனம்?" என்று அவள் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற அதே கேள்வி. என் வீட்டுச் சோறு தின்ற பிள்ளை, என்னைத் தெரியும்.

முதலாளி என்னைப் பார்த்தான். வரிசையும் பார்த்தது. சொன்னேன். செயென் என்று சொன்னேன்.

அவள் நைலோன் பின்னலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"அப்ப ஏன் நீங்கள் முடி வெட்டேல்லை? எங்கட பாட்டி செத்துப்போயிட்டாவெல்லே?"

முதலாளி, அடுத்த ஆள் வாங்கோ என்றான்.