முதலாளியின் மூக்கில் பூசணிப்பூ

மதினி,

இன்று காலை வேலிக்கொடியில் பூசணிப்பூ விரிந்திருந்தது. பனி சொட்ட அதைக் கிள்ளும்போது உன் குரல் காதருகே கேட்டது. “ஏ புள்ள, பெருசாப் பாத்துக் கிள்ளு. முதலாளி மூக்கு என்ன சின்னதா?” வேலி ஓரத்திலேயே நின்று சிரித்துவிட்டேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் மார்கழி பிறந்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. வயிற்றெரிச்சல் அதற்குப் பிறகுதான்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த மறுமாதமே போடி கடைத்தெருவில் அந்த ஏலக்காய்க் கிட்டங்கிக்கு என்னோடு வேலைக்கு வந்துவிட்டாய். மலையிலிருந்து வந்து குவியும் காயை எதிரெதிரே உட்கார்ந்து தரம் பார்த்துப் பொறுக்குவோம். சாயங்காலம் கிளம்பும்போது, காய் எதையும் ஒளித்து எடுக்கவில்லை என்று வாசலில் நின்று முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். அது எல்லாருக்கும் உள்ளதுதான். அன்றைக்கு மட்டும் முதலாளி உன்னைத் தனியே நிறுத்தினார்.

“கொண்டை என்ன இம்புட்டுப் பெருசா இருக்கு? அவுத்து உதறு.”

வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ அவிழ்த்தாய், உதறினாய். வாடிய கனகாம்பரம் தவிர ஒன்றும் விழவில்லை. அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே “சரி, போ” என்றார். அந்த ‘சரி, போ’வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீடு வரைக்கும் விரித்த தலையோடுதான் நடந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். “நாளைக்கு வாசல் கோலம் நம்ம முறைதான?” என்று மட்டும் கேட்டாய்.

கிட்டங்கி வாசலைத் தெளித்துக் கோலம் போடுவது வேலைக்குப் போகும் பெண்களின் முறை. மறுநாள் விடிகாலையில் நீ புள்ளி வைக்கவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு தொந்தி போட்டாய். பிறகு மீசை, காதில் கடுக்கன். தலைக்கு மேலே பெரிய கொண்டை, அதிலிருந்து பொலபொலவென்று ஏலக்காய். கடைசியில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாணிப் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, அதன் தலையில் பூசணிப்பூவைச் செருகினாய்.

“இனி எவன் அழிக்கிறான்னு பாப்போம்.”

மார்கழியில் வாசலில் பூவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையாரைப் பொழுது சாயும் முன் எடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மலையிலிருந்து மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர்கள் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பிறகுதான் கோலத்தைப் பார்த்தார்கள். தெருவே சிரித்தது. முதலாளி வந்து “அழிங்கடா!” என்று கத்தினார். கணக்குப்பிள்ளை கையைப் பிசைந்தார். “பிள்ளையார் இருக்காக முதலாளி. நான் எப்பிடிக் கை வைக்க?” நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற முதலாளிக்கும் கை வரவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடைச் சந்து வழியாகப் பின்கதவுக்குப் போனார். அன்று நீ சிரித்தது மாதிரி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் நான் யாரிடமும் கேட்டதில்லை.

அவர் சும்மா இருப்பாரா? உனக்கு வேலை போயிற்று. ஒரு கிட்டங்கியிலும் உன்னைச் சேர்க்காதபடி சொல்லி வைத்தார். நீ மலைக்குக் காய் எடுக்கப் போனாய். அங்கே காய்ச்சல் கண்டு, டோலி கட்டி உன்னைக் கீழே கொண்டுவந்தார்கள். என் மடியில்தான் கிடந்தாய். “அந்த மூக்கு நல்லா வந்துச்சுல்ல?” என்று கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

நீ போன பிறகு அந்த வேலையை நானும் விட்டுவிட்டேன். ஆனால் மார்கழியை விடவில்லை; வருஷா வருஷம் அவர் வாசல் தெருவில் அதே கோலத்தைப் போட்டேன். தெரு அவருக்குப் பட்டா போட்டதா என்ன? யுத்தத்தில் அரிசிமாவுக்கு வழியில்லாதபோது வெள்ளைக்கல்லை இடித்துப் போட்டேன். காவலுக்கு ஆள் வைத்தார். அந்த ஆளும் கன்னத்தில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது அந்தத் தெருவில் பாதி வாசல்களில் கொண்டை போட்ட முதலாளிதான். உன்னைப் பார்த்தே இராத பெண்களும் போடுகிறார்கள். சில மூக்குகள் சகிக்கவில்லை, உனக்குக் கோபம் வந்திருக்கும்.

இன்றைக்கு அவர் என்னிடம் வந்தார், மதினி. தடியை ஊன்றிக்கொண்டு, நான் கோலப்பொடியை எடுக்கும் வரை காத்து நின்றார். தலையில் மயிரே இல்லை.

“போதும் தாயி. பேரன் பேத்தியெல்லாம் பாத்துச் சிரிக்குதுக. இத்தோட விட்ரு.”

கிழடானால் இரக்கம் வந்துவிடும் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு வரவில்லை. துளிக்கூட வரவில்லை.

“விட்டுர்றேன் முதலாளி,” என்றேன். “எங்க மதினி அன்னைக்கு இங்கனதான் நின்னு கொண்டையை அவுத்தாக. நீங்க போய் அதை முடிஞ்சு விட்டுட்டு வாங்க.”

அவர் தடியை ஊன்றித் திரும்பினார். சந்து வழியாகப் பின்கதவுக்குப் போனார். நான் குனிந்து, முதலில் தொந்தியைப் போட்டேன்.