மூன்று ஞாயிறும் 12.4

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய், இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உன்னைத் திட்டப் போகிறேன், அதைப் படிக்கத் தெம்பு வேண்டும். போனில் திட்டினால் சிக்னல் இல்லைம்மா என்று நழுவிவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மந்திரி மாதிரி வீட்டை அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த உன் அத்தை, அறிவியலும் படிக்காம வரலாறும் படிக்காம ரெண்டுக்கும் நடுவுல அதென்ன படிப்பு என்று வழக்கம்போல் ஆரம்பித்தாள். அறிவியல் எப்படி உண்டாச்சு, அதை எதை வச்சு நம்புறதுன்னு யோசிக்கிற படிப்பு என்று வரிந்துகட்டிக்கொண்டு உனக்காகப் பேசினேன். அப்படிப் பேசிய வாயை இப்போது கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

நீ அனுப்பிய ஆய்வேட்டு அத்தியாயம் போன வாரம் வந்தது. நம் வானிலை நிலையத்தைப் பற்றி என் பெண் எழுதியிருக்கிறாள் என்ற பெருமை தாங்காமல், நான் படிப்பதற்கு முன்னாலேயே அதை மில்லிமீட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னோடு இருபத்தாறு வருஷம் அங்கே வேலை பார்த்த மனிதர், மழையளவில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது என்றுதானே அந்தப் பேரே வைத்தோம். பழைய பதிவேடுகளைத் தேடித் தூசி தட்டி உனக்கு நகல் எடுத்து அனுப்பியவரும் அவர்தான். மறுநாள் காலையில் வந்தார், பக்கங்களை மேஜைமேல் வைத்தார், பொண்ணு நல்லா எழுதியிருக்காம்மா என்றார், டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மனிதருக்கு என்ன வந்தது என்று அப்புறம்தான் எடுத்துப் படித்தேன்.

அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மழையளவு, 12.4 மில்லிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறதாம், பணியிலிருந்த ஆண் ஊழியர் மழைமானியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறாராம், எண் என்பது இயற்கையிலிருந்து மட்டுமல்ல, ஊழியரின் அலட்சியத்திலிருந்தும் பிறக்கிறதாம். ஆகா, என்ன வாக்கியம்! பேர் போடவில்லையே என்று சொல்லாதே. அந்த நிலையத்தில் மழைமானி பார்த்தது ரெண்டே பேர், அதில் ஒருத்தி நான். மீதி இருக்கும் ஆண் யாரென்று கண்டுபிடிக்க டாக்டர் பட்டமா வேண்டும்? சரி, இதற்கு உன்னிடம் என்ன ஆதாரம்? அன்றைக்கு நீ போனில் கேட்டபோது, ஞாயித்துக்கிழமை அவர் டியூட்டிதான்டி, மனுஷன் குறட்டை விட்டிருப்பார் என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேனே, அது ஒன்றுதான். ஆதாரம் ஆதாரம் என்று உங்கள் பல்கலைக்கழகமே அடித்துக்கொள்கிறதே, அம்மா சொன்னால் அது ஆதாரம் ஆகிவிடுமா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாயில்லையா? நீ கேட்டிருந்தால் அன்றைக்கே என் குட்டு உடைந்திருக்கும், எனக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

ஆமாம், என் குட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை முறை என்னுடையது. மழை பெய்தது, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன், திங்கட்கிழமை வாய்க்கு வந்த ஒரு எண்ணை எழுதினேன். மழையை அளக்கப் போகாததற்கு மழையே காரணம், எப்படி இருக்கிறது! மூன்று பொய்க்கு மூன்று எண் யோசிக்கக்கூட எனக்குச் சோம்பல். இதற்கும் நீ சமூகக் காரணம், வேலைப்பளு என்று ஏதாவது தேடிக் கண்டுபிடித்து அம்மாவைக் காப்பாற்றப் பார்க்காதே, கெட்ட கோபம் வரும். நேற்று அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனிதர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அப்பவே தெரியும்மா, என் வீட்டு மாடியில ஒரு டப்பா வச்சு நானும் தினமும் அளந்துகிட்டுதான் இருந்தேன் என்றார். பொண்ணு படிப்பு கெட்டுடப் போகுது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார். இருபது வருஷத்துக்கு மேல் என் பொய்யைத் தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், நான் அவர் தலையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபதாம் தேதி ஒப்படைப்பதற்குள் அந்தப் பத்தியை மாற்று. ஆண் என்பதை அடித்துவிட்டுப் பெண் என்று எழுது, என் தாய் என்றும் எழுது. உன் பேராசிரியர் என்ன சொன்னாலும் சரி, அவருக்கு வேண்டுமானால் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். மாற்றிவிட்டு முதல் போன் மில்லிமீட்டர் மாமாவுக்குப் போட்டு மன்னிப்புக் கேள், என்னிடம் அப்புறம் பேசலாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. திட்டியதற்காக அழாதே. நீ நன்றாகப் படித்து நல்ல பேர் எடுக்க வேண்டும், அது அடுத்தவர் பேரைக் கெடுக்காத பேராக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

மறக்காமல் இதையும் சேர்த்துக்கொள். அவர் மாடியில் அளந்து குறித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்: முதல் ஞாயிறு 31.2, இரண்டாவது ஞாயிறு 4.6. மூன்றாவது ஞாயிறு மழையே இல்லையாம். அன்றைக்கு நான் ஏன் போகவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் ஆதாரமாகிய
அம்மா