நாலு எண்ணும்வரை

ஜனவரி 9, வியாழன்

இடது கையில் இரண்டு விரல் நுனியில் கொப்புளம். பதிவு கவுண்டரில் கணினியைத் தட்டும்போதெல்லாம் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கவுண்டர்க்காரி, என்ன அக்கா, அடுப்பில் கையை வைத்தீர்களா என்றாள். பேஸ் கிட்டார் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற நோயாளிகளுக்கே பாதி வியாதி போயிருக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டாள். ஐம்பத்து மூன்று, சரியாகச் சொல் என்றேன்.

நாலே கம்பி. சாதாரண கிட்டாரைவிட இரண்டு குறைவு. இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் மருந்தகத்துக்காரர் கேட்டதும் தலையாட்டினேன். அவர்கள் இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம், வாத்தியத்தை விட்டுவிட்டு. கூப்பிட்டவர் எங்கள் மருத்துவமனையிலேயே மருந்து கொடுக்கிற மனிதர். மேஜையில் நான் ஓயாமல் விரலால் தட்டுவதைப் பார்த்து, உங்களுக்குள் தாளம் இருக்கிறது மேடம் என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவள் உண்டா?

ஜனவரி 11, சனி

பயிற்சி நடப்பது டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். எனக்கு நேர் எதிரே 'முந்தாதே'. வேண்டுமென்றேதான் டீச்சர் என்னை அங்கே நிற்க வைத்தாளோ?

டிரம்ஸ் வாசிப்பவள் அந்த ஸ்கூலை நடத்தும் டீச்சர். என்னைவிட எட்டு வயது சின்னவள், குரல் மட்டும் தலைமையாசிரியை. மருந்தகத்துக்காரர் கிட்டார், பாட்டும் அவரே. கீபோர்டில் ஒரு லிப்ட் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம்போல.

முதல் பாட்டு முடிவதற்குள் டீச்சர் குச்சியைத் தூக்கிப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நீங்க ஓடுறீங்க."

அவள் கால் 'தொம்' என்று விழும்போது என் சுரமும் கூடவே விழ வேண்டுமாம். நான் ஒரு இமைப்பொழுது முன்னாலேயே விழுந்துவிடுகிறேன். மறுபடி வாசித்தோம். மறுபடி ஓடினேன்.

என் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். ஓய்வுபெற்றதிலிருந்து ஆமை வேகம். பச்சை விழுந்த பிறகும் நிற்கிறார், பின்னால் ஒரு ஊரே ஹாரன் அடிக்கிறது. "இல்ல, அந்தப் பக்கம்…" என்று ஆரம்பித்தார். "பச்சைங்க, போங்க," என்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

எனக்கு ஓட வராவிட்டால்தான் ஆச்சரியம். இருபத்தாறு வருஷமாக அதற்குத்தான் சம்பளம். 'எனக்கு இந்த…' என்று முழங்கையைத் தூக்கினால் எலும்பு, இரண்டாவது மாடி. 'ராத்திரியெல்லாம்…' என்றால் நெஞ்சகம், முதல் மாடி. வாக்கியத்தை அவர்கள் முடிப்பதற்குள் சீட்டு கையில் இருக்கும். என் வரிசை மாதிரி வேறெந்த வரிசையும் நகராது. கண்காணிப்பாளரே சொல்லியிருக்கிறார்.

வீட்டிலும் அப்படித்தான். இவர் நில அளவைத் துறையில் இருந்தவர், பேச்சையும் சங்கிலி போட்டு அளந்துதான் பேசுவார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தால் பால் பொங்கி, வழிந்து, அடுப்பும் அணைந்துவிடும். நான் முடித்துக் கொடுத்தால் அவருக்கும் ஒரு வேலை மிச்சம்.

ஜனவரி 18, சனி

போனில் டிக் டிக்கென்று தாளம் போடுகிற மெட்ரோனோம் இறக்கிக்கொண்டேன் – நான் முன்னால் போய் நின்றுகொண்டு, அது வரக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 23, வியாழன்

நடுப்பகல். வரிசையில் தலையைத் தூக்கிப் பார்த்தால் இவர்! எல்லோரையும் போல முறைப்படி நின்று, முறை வந்ததும் கண்ணாடித் துளைக்கு நேரே குனிந்தார். "நான் வந்து…" என்றார். பூட்டிய வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டார் என்று புரிந்துவிட்டது. "சாவிதானே? இந்தாங்க," என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டு போனார். பின்னால் இன்னும் ஆறு பேர்.

பக்கத்துக் கவுண்டர்க்காரி, கணவர் என்றால் தனிக் கவனிப்புதான் என்று கிண்டல் செய்தாள். சாயங்காலம்வரை அந்த உற்சாகத்திலேயே ஓட்டினேன்.

பிப்ரவரி 1, சனி

மார்ச் பதினைந்தில் மருத்துவமனை ஆண்டு விழா. நாலு பாட்டு நம்முடையது என்று மருந்தகத்துக்காரர் அறிவித்தார். ஒரு நொடி குதித்தேன். பிறகுதான் பார்த்தேன், அறை மூலையில் எங்கள் ஆய்வுக்கூடத்து ஆள் உட்கார்ந்திருக்கிறார், மடியில் சொந்த பேஸ்.

சும்மா கேட்க வந்தேன் என்றார். சும்மா கேட்க வருபவர் வாத்தியத்தோடு வருவாரா? ஒரு பாட்டு வாசித்தார். நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். சுரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்கு அவசரமே இல்லாமல் நின்றார், ரத்தம் எடுக்கும்போது நிற்பாரே, அதே மாதிரி.

மருந்தகத்துக்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மார்ச் எட்டாம் தேதி வரைக்கும் பாப்போம் மேடம். தாளம் நிக்கலன்னா, விழாவுக்கு மட்டும் அவரு." விழாவுக்கு மட்டுமாம். அப்புறம்?

பிப்ரவரி 2, ஞாயிறு

போகப்போவதில்லை. நான் என்ன அவர்கள் வாசலில் போய்க் கேட்டேனா? அவர்களே கூப்பிட்டார்கள், அவர்களே வேறு ஆளை உட்கார வைக்கிறார்கள். எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறேன்.

போடவில்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் வாசித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அடிப்பது சுலபம். அடித்த பிறகு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் முடியவில்லை. சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, நான்கு எண்ண வேண்டும், மூன்றிலேயே விரல் துடிக்கிறது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஒரு தவிப்பு. இந்த ஒரு நொடிக்குள் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ வாசிக்கும்போது…" என்றார். "சத்தம் ஜாஸ்தி, தெரியும். கதவைச் சாத்திக்கிறேன்," என்று சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 8, சனி

ஓடினேன்.

பிப்ரவரி 15, சனி

இன்றும் அதே. லிப்ட் மெக்கானிக்கே வாயைத் திறந்துவிட்டார்: "பதறாத காரியம் சிதறாதுங்க." ஒரு மாதத்தில் பேசிய முதல் வாக்கியம், அதுவும் எனக்கு அர்ச்சனை.

முடிந்து வெளியே வந்தபோது இவர் காரை ஓரமாக நிறுத்துகிறேன் என்று இடது சக்கரத்தை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தியிருந்தார். டீச்சர் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அண்ணன் சாயங்காலம் வண்டி ஓட்டறது…" என்றாள். மெதுவாகத்தான் ஓட்டுவார், நான் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் என்னவோ போல என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 22, சனி

காரின் இடது பக்கம் முழுநீளக் கீறல். கேட் தூணில் உரசியிருக்கிறார். இருபது வருஷமாக அதே தூண், அதே இடம், அது நடந்தா வந்தது என்று கத்தினேன். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அதற்கும் கத்தினேன்.

எட்டாம் தேதி நெருங்குகிறது. எனக்கு யார்மேல்தான் கோபம் என்றே தெரியவில்லை.

மார்ச் 1, சனி

பயிற்சி முடிந்ததும் டீச்சர் என்னை மட்டும் நிறுத்தினாள். நாற்காலியைக் காட்டினாள். நீக்கப்போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை, ஆய்வுக்கூடத்து ஆளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கி நிறுத்தினாள், குச்சியைத் தூக்குவாளே, அதே மாதிரி.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. அண்ணனுக்கு ஓரத்துல வர்றது தெரியலக்கா. நேரா இருக்கறது தெரியுது, பக்கத்துல இருக்கறது தெரியல. பதினெட்டு வருஷமா ஓட்டக் கத்துக்கறவங்க பக்கத்து சீட்ல உக்காந்து இதத்தான் பாத்துட்டு இருக்கேன். போன மாசமே சொல்ல வந்தேன்."

நான் எழுந்துவிட்டேன். இப்போதே போய்க் கேட்கிறேன் என்றேன். உட்காருங்கள் என்றாள்.

"நீங்க கேட்டா நீங்களே பதிலும் சொல்லிடுவீங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு நாலு எண்ணுங்க. சொல்லலயா, இன்னும் நாலு எண்ணுங்க."

அவளே எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டாள். இவர் ஏன் என்று கேட்கவில்லை. சாவியை உடனே கொடுத்துவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் கேட்டேன். "உங்க கண்ணுக்கு என்னங்க?" அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன்.

நாலு எண்ணினேன். அவர் மேஜையில் விரலால் கோடு போட்டார். இன்னும் நாலு. சொல்லுங்கன்னு சொல்றேன்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்தேன். எத்தனை நாலு எண்ணினேனோ தெரியாது. குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு சொன்னார். போன வருஷக் கடைசியிலிருந்தே இருட்ட ஆரம்பித்தால் ஓரங்கள் மறைகின்றனவாம். நிழலா ஆளா என்று தெரியாமல்தான் பச்சை விளக்கிலும் நின்றிருக்கிறார். "சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். அதற்கும் எண்ணினேன்.

"ஜனவரியிலேயே வந்தேன். கண் டாக்டருக்குச் சீட்டு வாங்க. உன் வரிசையிலதான் நின்னேன்." மறுபடி ஒரு கோடு போட்டார். "நீ சாவி குடுத்த."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சாவி குடுத்தேன். ஐயோ, சாவி குடுத்து அனுப்பிச்சேனே! அவ்வளவு தூரம் வந்து, வரிசையில நின்னு – பக்கத்துல இருக்கிறவ கிண்டல் பண்ணதுக்குச் சிரிச்சேனே நான். பாழாப்போன வாய். முன்பின் தெரியாதவங்ககிட்டகூட என்ன சொல்ல வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலயே, இத்தனை வருஷமா? எத்தனை பேரத் தப்பான மாடிக்கு அனுப்பினேனோ.

மார்ச் 4, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு அவரோடு நோயாளி வரிசையில் நின்றேன். பக்கத்துக் கவுண்டர்க்காரி, அவருக்கு என்ன என்று என்னிடம் கேட்டாள். அவரிடமே கேள் என்றேன்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது. ஓரப் பார்வையில் கொஞ்சம் போய்விட்டது, அது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் சொட்டு மருந்து, ஆயுளுக்கும். வண்டி ஓட்டக் கூடாது.

ஜனவரியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் கண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கொஞ்ச வாரத்தில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது, இப்படியே வருஷக்கணக்கில் விட்டிருந்தால்தான் ஆபத்து என்றார்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 8, சனி

பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். எட்டாம் தேதி என்பதே அறைக்குள் நுழைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு களைப்பு. சுரத்தை அடித்துவிட்டு விட்டுவிட்டேன், அது எவ்வளவு நேரம் ஒலிக்குமோ ஒலிக்கட்டும் என்று. டீச்சர் குச்சியைத் தூக்கவில்லை.

வேகமான பாட்டு வந்ததும் பழையபடி ஓடினேன்.

முடிவு: நாலு பாட்டில் மெதுவானவை இரண்டும் எனக்கு, வேகமானவை ஆய்வுக்கூடத்து ஆளுக்கு. எனக்குப் போய் மெதுவான பாட்டு! வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பேஸைப் பையில் வைக்கும்போது அந்த ஆள், அந்த மூன்றாவது வரியில் நீங்கள் நிற்கிற மாதிரி எனக்கு வராது என்றார். மரியாதைக்குச் சொன்னாரோ? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

விழா முடிந்தது. இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் காலில் வெந்நீர் பட்டவள் மாதிரி ஓடப் பார்த்தேன். டீச்சர் சிம்பல் தட்டில் ஒரு அடி அடித்து முறைத்தாள், திரும்பி வந்தேன். இவர் முதல் வரிசையில் நடு நாற்காலி. அரங்கத்து இருட்டில் எவ்வளவு தெரிந்ததோ. கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, வழக்கம்போல ஒரு அடி தாமதமாக.

மார்ச் 19, புதன்

நான் வாசிக்கிற நேரம் சொட்டு மருந்து நேரமாகிவிட்டது. ஊற்றிய பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடியே இருக்க வேண்டும். அவர் கூடத்து சோபாவில் சாய்ந்துகொள்கிறார், நான் உள்ளறையில் வாசிக்கிறேன். கதவைச் சாத்துவதில்லை.

இன்று ஒரு பாட்டு முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தேன். கண்ணை மூடியபடியே, "நீ வாசிக்கும்போது…" என்றார். இதை முன்பும் ஒரு தடவை ஆரம்பித்தாரே என்று நினைவு வந்தது. சத்தமா, நேரமா, பக்கத்து வீட்டார் ஏதாவது சொன்னார்களா – எல்லாம் வாசல்வரை வந்து நின்றன. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நாலு. இன்னும் நாலு.

"நீ வாசிக்கும்போது தரை லேசா அதிருது," என்றார். "நீ வீட்ல எந்தப் பக்கம் இருக்கேன்னு தெரியுது."